ஓடும் ஓவியங்கள்

கலை என்றவுடன் கோயிற் சுவரையும் அரண்மனை மாடத்தையும் நினைப்பது நம்மவர் வழக்கம். அப்பெருங்கலைகளைப் போற்றுதல் நம் கடமையே. ஆயினும், கலை அங்கு மட்டுமே வாழ்கின்றது என்று எண்ணுதல் பொருந்தாது. உழைப்பவன் தன் உழைப்புக்குத் துணையான கருவியை அழகு செய்கின்றான். அதுவும் கலையே அன்றோ? அக்கலை நாள்தோறும் நம் கண்முன் தெருவில் ஓடிக்கொண்டிருக்கின்றது.

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலையின் அடியில் அமைந்துள்ள ஊர் ஒத்தக்கடை. அங்குச் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பாரம் ஏற்றிய லாரி ஒன்று வருகின்றது. அதன் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர் வண்ண எழுத்தால் பொலிகின்றது. பக்கப் பலகைகளில் மயிலும் தாமரையும் விளங்குகின்றன. கண்ணேறு படாதிருக்கப் பின்புறத்தில் கோரைப்பல் முகம் ஒன்று விழிக்கின்றது. அதனை அடுத்து ஓர் ஆட்டோ ரிக்ஷா வருகின்றது. அதன் முதுகில் 'பிரசவத்திற்கு இலவசம்' என்று எழுதியிருக்கின்றது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒருவர், ஊரறியத் தம் அறத்தை எழுதி வைத்திருக்கின்றார். இவ்விரு சொற்களுக்கு ஈடான அணி வேறு உண்டோ?

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. பொங்கலின்போது உழவர் மாட்டின் கொம்புக்கு வண்ணம் தீட்டுகின்றனர். ஆயுத பூசையன்று ஊர்தியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர். 'வாகனம்' என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். இறைவன் உலா வரும் குதிரையும் அன்னமும் வாகனம். நாம் ஏறிச் செல்லும் வண்டியும் வாகனம். சோறிடும் கருவியைத் தெய்வத்தோடு ஒப்ப மதிக்கும் மனமே தூரிகையை எடுக்கத் தூண்டியது எனலாம்.

மனிதனை மனிதன் இழுத்த கைரிக்ஷா 1973ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. அது மறைந்தது நன்றே. அதன்பின் சைக்கிள் ரிக்ஷாவும், அதனையடுத்து ஆட்டோவும் தெருவை ஆண்டன. வண்டி மாறியது, அதனை அணி செய்யும் விருப்பம் மாறவில்லை. மனிதனின் துன்பம் நீங்குதல் வேண்டும். அவனுடைய அழகுணர்ச்சி நிலைத்தல் வேண்டும். இதுவே உண்மையான முன்னேற்றம்.

ஆனால், இன்று அக்கலைக்கு இடர் வந்துள்ளது. முன்பு ஓவியர் மரப்பலகைக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, நூல் பிடித்துக் கோடிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் கொடுத்து எழுதினார். இன்றோ இயந்திரம் அச்சிட்ட ஒட்டுத்தாளைச் சில நிமிடங்களில் ஒட்டிவிடுகின்றனர். கடைப் பலகைகளை எழுதும் வேலையைப் பிளக்ஸ் பலகை பறித்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டு முதல் புதிய ஊர்திகளின் எண் பலகையும் ஆலையிலிருந்தே வருகின்றது. களவைத் தடுக்க அது வேண்டியதே. எனினும், எண் எழுதிப் பிழைத்த கைகளுக்கு அவ்வேலையும் இல்லாமற் போயிற்று.

'இயந்திரம் விரைவாகவும் மலிவாகவும் செய்யும்போது கைவேலை எதற்கு?' என்று சிலர் வினவுவர். விரைவும் மலிவும் வேண்டுவனவே. ஆயினும், அச்சுத்தாள் ஆயிரம் வண்டிக்கும் ஒரே முகத்தைத் தருகின்றது. கையால் எழுதிய மயில் ஒவ்வொன்றும் தனித்தனி மயில். அதனை அழியவிட்டால், தலைமுறை தலைமுறையாகப் பயின்ற ஒரு கைத்திறனை இழப்போம்.

பிற நாட்டார் இதனை உணர்ந்துள்ளனர். காப்பிக்கொட்டை சுமந்த மாட்டுவண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் கோஸ்டா ரிகா நாட்டு மரபை, யுனெஸ்கோ மன்றம் 2008ஆம் ஆண்டில் உலகின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. வங்காள தேசத்து டாக்கா நகரின் ரிக்ஷா ஓவியமும் 2023ஆம் ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஏழைத் தொழிலாளியின் வண்டியை உலகம் மதிக்கும்போது, நாம் மட்டும் அதனை இழிவாகக் கருதலாமோ?

வண்டியில் எழுதுவன யாவும் போற்றத்தக்கன என்று யாம் கூறவில்லை. பெண்களை இகழும் சொற்களும், வேகத்தைப் புகழும் சொற்களும் கலையாகா. ஒலியெழுப்பத் தூண்டும் சொற்களை லாரிகளில் எழுதக் கூடாது என்று மகாராட்டிர அரசு 2015இல் தடை விதித்தது. பதர் நீக்கி நெல்லைக் கொள்வதுபோல், நல்லனவற்றைத் தேர்ந்து காத்தல் நம் கடன்.

ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள யானைமலையை மீண்டும் நோக்குங்கள். அங்கே கி.பி. 770ஆம் ஆண்டில் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கர் கோயில் உள்ளது. அம்மலையிற் செதுக்கிய சமணத் திருவுருவங்களின்மேல் வண்ணம் தீட்டிய சுவடுகள் இன்றும் தெரிகின்றன. கல்லின்மேல் வண்ணம் ஆயிரம் ஆண்டு நின்றது. வண்டியின்மேல் வண்ணம் சில ஆண்டுகளில் மறையும். ஆதலின், பின்னதைக் காக்கும் வழி வேறு. காட்சிச்சாலையில் ஒரு வண்டியை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது. தூரிகை பிடித்தவர்க்கு வேலை தருதலே அக்கலையைக் காக்கும் வழியாகும். பள்ளிச் சுவரிலும் ஊர்ப் பொது மன்றத்திலும் அவர்களை எழுதச் சொல்லலாம்; அவர்களிடம் மாணவர் ஓவியம் பயிலலாம்.

மாணவர்களே! வண்டியின் மூலையில் சிறிய எழுத்தில் ஓவியர் தம் பட்டறையின் பெயரைப் பொறித்திருப்பார். அடுத்த முறை அதனையும் படியுங்கள். உழைப்பையும் அழகையும் ஒன்றாகக் கண்ட ஒரு மனிதரை அங்கே அறிவீர்கள்.