அத்தை டாக்டரிடம் சொல்லாமல் விட்டது

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, கூச்சத்துல தள்ளிப்போட்ட விஷயம். ஊர்லேருந்து அம்மாவைக் கூட்டிவந்து வச்சிருக்கற ஆம்பளைங்களும் அவசியம் படிங்க.

டெல்லிலேருந்து சென்னைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை நாள். தண்ணியே குடிக்காம வர்ற அம்மாக்களைப் பார்த்திருப்பீங்க. கேட்டா "தாகமில்லை"ம்பாங்க. இருமினா, தும்மினா சிறுநீர் கசியுதுங்கறதை யார்கிட்ட சொல்றது?

எங்க அத்தைக்கும் (மாமியார்) இதேதான். இங்கே ஒரு ஆஸ்பத்திரில நாடா வச்சு ஆபரேஷன் பண்ணினாங்க. நாலே மாசத்துல பழைய குருடி கதவைத் திறடி. வீடே டாக்டரைத் திட்டித் தீர்த்தது.

அப்புறம்தான் விசாரிச்சேன். டாக்டர் ஹிந்தில கேட்க, என் வீட்டுக்காரர் மொழிபெயர்க்க, பெத்த பிள்ளைகிட்ட அத்தை சொன்னது "கசியுது"ங்கற ஒரு வார்த்தை மட்டும். பாத்ரூம் போறதுக்குள்ள முட்டிக்கிட்டு வர்றதும், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கறதும் வெளியே வரவே இல்லை.

விஷயம் அங்கேதான் இருக்கு. இருமினா கசியறது ஒரு வகை. அவசரமா வந்து அடக்க முடியாம போறது வேற வகை. 1996-ல வந்த இந்த நாடா சிறுநீர்க் குழாயைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். சிறுநீர்ப்பை தானா சுருங்கறதை அது நிறுத்தாது. ரெண்டும் சேர்ந்திருந்தா ஆபரேஷனுக்கு அப்புறமும் தொல்லை தொடர வாய்ப்பு அதிகம். உடல் பருமன், ஏற்கெனவே தோத்த ஆபரேஷன், ரொம்ப பலவீனமான சுருக்குத் தசை இதெல்லாமும் அந்தக் கணக்குல சேரும்.

ஆபரேஷனே வேண்டாம்னு நான் சொல்லலை. இருமல் கசிவு மட்டும் இருக்கற பெரும்பாலானவங்களுக்கு நல்லாவே பலன் தருது. ஆனா அதுக்கு முன்னாடி செய்யவேண்டியது இருக்கு. 2009-ல வெளியான அமெரிக்க ஆய்வுல, பருமனான பெண்கள் 6 மாசத்துல சராசரி 8% எடை குறைச்சதும் கசிவு 47% குறைஞ்சுது. கெகல் 1948-லயே எழுதின இடுப்புத்தள தசைப் பயிற்சிக்குக் காலணா செலவில்லை.

ஒரு லட்ச ரூபாய் கடனுக்கே பேங்க்ல ஆயிரம் கேள்வி கேட்கறோம். அம்மா உடம்புல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்கக் கூடாதா? மூணு நாள், எப்போ போனாங்க, எப்போ கசிஞ்சுதுன்னு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட பிள்ளைக்குப் பதிலா மகளோ மருமகளோ கூடப் போகட்டும்.

போன வாரம் அத்தையோட நான்தான் போனேன். இந்தத் தடவை எல்லாத்தையும் சொன்னாங்க.