வில்லனுக்கும் ஒரு காரணம் வேண்டும்

மாயாஜால வீடியோ கேம்களில் வரும் வில்லன் எந்த அளவுக்குக் கொடியவனாக இருக்கலாம்? பிள்ளைகள் விளையாடும் வீடுகளில் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

1994இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 6' விளையாட்டில் கெஃப்கா என்பவன் ஒரு கோட்டையின் தண்ணீரில் நஞ்சைக் கலந்து, அங்குள்ளோர் மடிவதை ரசிக்கிறான். அவனை வெறுப்பது எளிது. 'நான் அவனைப் போன்றவன் அல்லன்' என்று விளையாடுபவர் நிம்மதியாக எழுந்து செல்லலாம்.

2002இல் வந்த 'தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா: தி விண்ட் வேக்கர்' விளையாட்டின் கானன்டார்ஃப் வேறு வகை. அவன் பாலைநிலத்து அரசன். பகலில் சுட்டெரித்து இரவில் உறையவைக்கும் காற்று, தன் மண்ணுக்கு மரணத்தையே கொண்டுவந்ததாகக் கதையின் இறுதியில் சொல்கிறான். அண்டை நாட்டில் வீசிய இதமான காற்றின்மீது அவனுக்கு ஆசை பிறந்தது. கேட்கும் நெஞ்சு இளகுகிறது. ஆயினும், கதாநாயகனின் சின்னஞ்சிறு தங்கையைத் தூக்கிச் சென்றது அவன் ஏவிய ராட்சதப் பறவைதான்.

காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு. செயலை நியாயப்படுத்துவது வேறு. அநீதி இழைப்போரில் பலர் தம் பக்கமே நியாயம் இருப்பதாக நம்புகின்றனர். ஆகவே, கொடுமையின் அளவைக் காட்டிலும் அதன் வேர் தெரிவதே முக்கியம்.

'அவனும் பாவம்தானே?' என்று பிள்ளை கேட்டால், 'ஆம். ஆனால் அந்தச் சிறுமி என்ன பாவம் செய்தாள்?' என்று திருப்பிக் கேளுங்கள். வில்லனிடம் கண்ட பொறாமை தன்னுள்ளும் முளைக்கக்கூடும் என்பதைப் பிள்ளை உணர்ந்தால், விளையாடிய நேரம் வீணாகவில்லை.