பறவைக் காய்ச்சல்: கத்தியைக் கையில் எடுக்குமுன்



"கோழி வாங்கலாமா, கூடாதா?"

பறவைக் காய்ச்சல் பற்றிய செய்தி நாளேடுகளில் தலைகாட்டும்போதெல்லாம் இல்லத்தரசிகளிடமிருந்து எழும் வினா இது ஒன்றுதான். சில நாள்களுக்குக் கோழிக்கடைகள் வெறிச்சோடும். நாமக்கல் முட்டையின் விலை சரியும். ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் கிராக்கி ஏறும். பின்னர் ஒரு பெருநாளோ, ஒரு நிக்காஹ் விருந்தோ வந்துவிட்டால் அச்சம் பறந்துபோகும். அதனோடு எச்சரிக்கையும் பறந்துபோகும்.

வினாவுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக வெந்த கோழிக்கறியால் இந்நோய் தொற்றுவதில்லை. கறியின் உட்பகுதி முழுவதும் 70 டிகிரி சூட்டை எட்டினால் கிருமி மடிந்துவிடும். கொதித்துக்கொண்டிருக்கும் ஆணத்தின் சூடு அதைவிட அதிகம். ஆகவே சட்டியில் இருக்கும் கோழியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சட்டிக்கு வருமுன் அந்தக் கோழி யார் யார் கையில் இருந்தது, எந்த நிலையில் இருந்தது என்பதையே நாம் கேட்க வேண்டும். இதை உலகுக்குப் பெரும் விலை கொடுத்துக் கற்பித்த நாடு ஒன்று உண்டு. அது எகிப்து, திருமறை மிஸ்ர் என்று பெயர் சுட்டும் நாடு.

எகிப்தியரின் வீட்டுக் கூரை நம்முடைய மொட்டைமாடியைப் போன்றதன்று. கெய்ரோ நகரின் நெருக்கமான குடியிருப்புகளிலும் சரி, நைல் கழிமுகத்துக் கிராமங்களிலும் சரி, கூரையின்மேல் கோழி, வாத்து, புறாக் கூடுகளைக் காணலாம். புறாவின் வயிற்றில் அரிசியையோ கோதுமைக் குறுநொய்யையோ அடைத்துச் சமைக்கும் பண்டம் அவர்களுக்கு விருந்தின் மணிமுடி. இப்பறவைகளை வளர்ப்பவர்கள் பெண்களே. தீனி வைப்பதும், கூட்டைக் கூட்டுவதும், அறுப்பதும், இறகு பிடுங்குவதும் அவர்கள் வேலை. முட்டை விற்ற காசு பெண்ணின் கைக்காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், திடீரென்று வரும் விருந்தாளிக்கு ஆக்கிப்போடும் ஆணமும் அந்தக் கூட்டிலிருந்துதான் வர வேண்டும்.

2006 பிப்ரவரி 17 அன்று, நாட்டுக்குள் பறவைக் காய்ச்சல் நுழைந்துவிட்டதாக எகிப்து அரசு அறிவித்தது. எச்5என்1 என்னும் கொடிய வகைக் கிருமி அது. 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றபோதுதான், பறவைகளிடமிருந்து அது நேராக மனிதர்களைத் தாக்கவல்லது என்பது தெரியவந்தது. எகிப்தின் அறிவிப்பு வெளியான சில நாள்களுக்குள் நாடெங்கும் பீதி. செத்த கோழிகளைச் சிலர் நைல் நதியிலும் வாய்க்கால்களிலும் எறிந்தார்கள். உடனே குழாய்த் தண்ணீர் நஞ்சாகிவிட்டது என்ற வதந்தி கிளம்பி, மக்கள் புட்டித் தண்ணீரை வாங்கிக் குவித்தார்கள். குடிநீருக்கு ஆபத்தில்லை என்று அரசு திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த வேடிக்கையையும் சொல்லத்தான் வேண்டும். நோய் இன்னும் எட்டிப் பார்க்காத அந்நாட்டில், கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு டின் மீனும் கொஞ்சம் பால்பொடியும் கூடுதலாக வாங்கிக் கட்டிலடியில் சேர்த்துவையுங்கள் என்று சுகாதார அமைச்சர் மைக்கேல் லெவிட் அறிவுரை கூறினார். கட்டிலடியில் சேர்க்க வசதியுள்ளவர்கள் சேர்த்தார்கள். எகிப்தின் ஏழைப் பெண்ணுக்குச் சேமிப்பே கூரைமேல் இருந்த கோழிகள்தாம்.

அந்தக் கோழிகளைத்தான் ஒழிக்கச் சொன்னது அவளுடைய அரசு. கூரையில் பறவை வளர்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பிரதமர் அஹ்மத் நஸீஃப் அறிவித்தார். கோடிக்கணக்கான பறவைகள் கொல்லப்பட்டன. பண்ணைக்காரர்களுக்கே இழப்பீடு முறையாகக் கிட்டாத நிலையில், கூரைமேல் பத்துக் கோழி வைத்திருந்தவளை யார் எண்ணிப் பார்த்தார்கள்? அவள் ஒன்று செய்தாள். கோழிகளை வீட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்தாள். திறந்த வெளியில் காற்றோட்டமாக நின்ற பறவைகள், பிள்ளைகள் உறங்கும் அறைக்கு வந்து சேர்ந்தன. நம் நாட்டிலும் 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இதுவே நடந்தது. கொல்ல வரும் குழுவினர் தெருமுனையில் தென்பட்டதும் கோழிகள் மறைக்கப்பட்டன. இழப்பீட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கோழியைக் கேட்கும் அரசுக்கும், கோழியைப் பிடுங்கிக்கொண்டு இழப்பீட்டை வாக்களிக்கும் அரசுக்கும் உள்ள வேறுபாட்டை ஏழைகள் நன்கு அறிவார்கள். அவர்களை அறியாமையின் பெயரால் ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அறிவிப்பு வந்து சரியாக ஒரு மாதத்தில், மார்ச் 17 அன்று, கெய்ரோவை அடுத்த கல்யூபியா மாகாணத்தில் முதல் மனித உயிர் பறிபோனது. இறந்தவர் வீட்டில் கோழி வளர்த்த ஒரு பெண். அந்த ஆண்டில் மட்டும் நோய் உறுதிசெய்யப்பட்ட 18 பேரில் 10 பேர் மாண்டனர். ஆண்டின் இறுதியில் கர்பியா மாகாணத்தில், ஒரே கூட்டுக் குடும்பத்தில் மூவர் அடுத்தடுத்து இறந்தனர். அவ்வீட்டு வாத்துகள் நோயுற்றிருந்தன. அவற்றை வீட்டார் அறுத்திருக்கிறார்கள்.

ஏன் அறுத்தார்கள்? முஸ்லிம் இல்லத்தில் பிறந்த எவருக்கும் இதற்கு விடை தெரியும். தானாகச் செத்த பிராணி ஹராம் என்பது நம் சிறு பிள்ளைகளுக்கும் பாடம். ஆகவே ஒரு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டதும், "செத்துத் தொலையுமுன் பிஸ்மி சொல்லி அறுத்துவிடு" என்று வீட்டுப் பெரியவர் அவசரப்படுத்துவார். உயிர் இருக்கும்போது அறுத்தாகிவிட்டது, பொருளும் வீணாகவில்லை என்ற நிம்மதி. ஆனால் பறவைக் காய்ச்சல் கண்ட கோழியின் உடலில் கிருமி பெருகி நிற்கும் வேளை அதுவே. இரத்தத்திலும், மூக்கிலும் வாயிலும் வடியும் நீரிலும், எச்சத்திலும், குடலிலும் அது நிறைந்திருக்கும். கழுத்தறுபட்ட கோழி சிறகடிக்கும்போது அவை துளித்துளியாகக் காற்றில் தெறிக்கும். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும் கை அடுத்த கணம் நெற்றி வியர்வையைத் துடைக்கும். குடலை உருவிய விரல் பிள்ளையின் மூக்கைச் சிந்திவிடும். சமைத்த கறியைத் தின்ற குடும்பத்தலைவர் நலமாக இருக்க, அதை அறுத்துச் சுத்தம் செய்த பெண்ணும் அருகில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளையும் நோயில் விழுந்ததன் காரணம் இதுதான். எகிப்தில் இந்நோய் கண்டவர்களில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி.

நோயுற்ற பிராணியை உயிருடன் அறுத்தால் ஆகுமா என்பதன் சட்ட நுணுக்கத்தை உலமாப் பெருமக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசுவது அறுக்கும் கையின் உயிரைப் பற்றி. "எல்லாம் அவன் நாட்டம்" என்று சொல்லிக்கொண்டே அறுப்பவர்களும் நம்மிடையே உண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று வழியில் கேள்விப்பட்டதும், கலந்தாலோசித்துத் தம் படையுடன் மதீனாவுக்குத் திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எகிப்தின் கணக்கில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது 2009ஆம் ஆண்டு வரிசையை. அவ்வாண்டு 39 பேருக்கு நோய் கண்டது. இறந்தவர்கள் 4 பேர் மட்டுமே. முதல் ஆண்டில் பாதிக்குமேல் இறந்த நாட்டில் இது எப்படி நேர்ந்தது? அந்த 39 பேரில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் தாய் பொறுத்திருக்கமாட்டாள், தூக்கிக்கொண்டு ஓடுவாள். எகிப்து அரசின் காய்ச்சல் மருத்துவமனைகளில் ஓசெல்டாமிவிர் என்னும் மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள். நோய் தொடங்கிய இரண்டு நாள்களுக்குள் கொடுத்தால் அம்மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஆகவே குழந்தைகள் பிழைத்தார்கள். அதே தாய் தனக்குக் காய்ச்சல் வந்தபோது என்ன செய்தாள்? ஆக்கிப்போட்டாள், துவைத்தாள், "சாதாரணச் சளிதான்" என்றாள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவர்களில் வயதுவந்த பெண்களின் பங்கு மிகுந்திருந்ததற்கு மருத்துவர்கள் காட்டும் முதற்காரணம் இந்தத் தாமதமே. சகோதரிகளே, இதை வாசிக்கும்போது உங்கள் வீட்டுப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்களா?

மருத்துவமனைக்குப் போன பின்பும் ஒரு தடை இருந்தது. "வீட்டில் கோழி உண்டா?" என்று மருத்துவர் கேட்டால், "இல்லை" என்றார்கள் சிலர். கோழியைக் கொன்றுவிடுவார்கள், தண்டம் போடுவார்கள் என்ற பயம். அந்த ஒரு பொய்யால் உரிய மருந்து நாள்கணக்கில் தள்ளிப்போயிற்று. இந்நிலையை மாற்றியதில் 'ராயிதாத் ரீஃபிய்யாத்' எனப்படும் கிராமப்புறப் பெண் சுகாதாரத் தொண்டர்களுக்குப் பங்குண்டு. அவர்கள் வீடுவீடாக ஏறி, தமக்குத் தெரிந்த பெண்களிடம் பெண்களாகவே பேசினார்கள். தொலைக்காட்சியைவிட அண்டைவீட்டுக்காரியின் சொல் எளிதில் உள்ளே போகிறது.

எனினும் நோய் எகிப்தைவிட்டு அகலவில்லை. 2008இலேயே அது நாட்டில் நிலைகொண்டுவிட்டதாக அரசு ஒப்புக்கொண்டது. 2015இல் மட்டும் 136 பேரைத் தொற்றி 39 உயிர்களைக் குடித்தது; எந்த நாட்டிலும் ஓராண்டில் எச்5என்1 இத்தனை பேரைத் தொற்றியதில்லை. 2017 வரை மொத்தம் 359 பேருக்கு நோய், 120 மரணங்கள். 2003 முதல் உலக அளவில் 900க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகி, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் திறனை இக்கிருமி இன்னும் பெறவில்லை. அத்திறனைப் பெற்றுவிடுமோ என்பதே விஞ்ஞானிகளின் கவலை; 2024இல் அமெரிக்காவின் கறவை மாடுகளிலும் அது பரவியிருப்பது கண்டறியப்பட்ட பிறகு அக்கவலை கூடியிருக்கிறது. நம் நாட்டில் இந்நோயால் முதலில் இறந்தவன் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன், ஆண்டு 2021. 2025 மார்ச்சில் ஆந்திரத்தில் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். சமைக்காத கோழித்துண்டு ஒன்றைக் குழந்தை தின்றதாகக் குடும்பத்தார் கூறியது செய்திகளில் வந்தது. கறி நறுக்கும்போது மடியில் வந்து விழும் பிள்ளையின் வாயில், விளையாட்டாக ஒரு பச்சைத் துண்டை வைக்கும் வழக்கம் நம் அடுக்களைகளிலும் இல்லையென்று சொல்லமுடியுமா?

இனி நம் வீட்டு ஆயத்தம். கட்டிலடியில் எதையும் பதுக்க வேண்டாம். ஓசெல்டாமிவிர் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாங்கி வைப்பதும் வேண்டாம். கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் பஞ்சாரத்தை அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் எட்டவே வையுங்கள். வாத்தையும் கோழியையும் ஒன்றாக அடைக்காதீர்கள். வாத்து நோய்க்குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கும். நலமான கோழியை அறுக்கும்போதும் பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் முந்தானையாலாவது இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். கறியைக் குழாயடியில் பிடித்து நீர் தெறிக்க அலசும் வழக்கத்தை விட்டுவிட்டு, அகன்ற சட்டியில் மெல்ல அலசுங்கள். மஞ்சள் தடவுவது நல்ல வழக்கந்தான், ஆனால் கிருமியை அழிக்கும் வேலையை அடுப்புக்கே விட்டுவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தாலும் இக்கிருமி சாவதில்லை. கறி நறுக்கிய கத்தியாலும் பலகையாலும் வெங்காயமோ வெள்ளரியோ நறுக்குமுன் சோப்பிட்டுக் கழுவுங்கள். இக்கிருமிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சாதாரணச் சோப்பே அந்த உறையைக் கரைத்துவிடும். நோய்ச் செய்தி அடிபடும் நாள்களில் அரைவேக்காட்டு முட்டையும் வேண்டாம்.

கோழிகள் திடீரெனத் துவண்டாலோ, கொண்டை நீலம் பாரித்தாலோ, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தாலோ, மிஞ்சியவற்றை அறுக்கக் கத்தியைத் தேடாதீர்கள்; சந்தைக்கு அனுப்பி அடுத்த வீட்டாரின் தலையில் கட்டவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல், அண்மையிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அப்படிக் கோழிகள் செத்த வீட்டில், அல்லது அதன் அண்டையில், பத்து நாள்களுக்குள் எவருக்கேனும் காய்ச்சலும் இருமலும் கண்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கோழி செத்ததை மருத்துவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். காய்ச்சல் கண்டது வீட்டின் உம்மாவுக்கு என்றால், அடுப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். அவரை முதலில் அழைத்துப் போங்கள்.