ரீசெட் அடிக்கமுன்

கல்முனைக்குக் கோச்சி வந்ததில்லை. 1928இல் மட்டக்களப்பு வரை போட்ட தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பாதையைக் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்ற பேச்சை நான் அரைக் காற்சட்டை போட்ட காலத்திலிருந்து கேட்டுவருகிறேன். கடைசியில் போன பாடசாலை விடுமுறையில் ஒரு கோச்சி என் கடை மேசைக்கே வந்தது, சப்பாத்துப் பெட்டிக்குள் பழைய துவாயில் சுற்றி.

கொண்டுவந்தவன் என் தங்கச்சியின் மகன். சாய்ந்தமருதில் இருக்கிறான், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறான். லண்டனில் இருக்கும் அவனுடைய சாச்சா பழைய சாமான் சந்தையொன்றில் வாங்கி அனுப்பிய டீசல் எஞ்சின் அது. 1:76 அளவு, ஒரு சாண் நீளம் இருக்கும். கூடவே நாலைந்து துண்டுத் தண்டவாளம். எஞ்சினை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சாச்சா அனுப்பவில்லை. அதைப் பிள்ளை தானே செய்திருந்தான். புறக்கோட்டையில் வாங்கிய அர்டுயினோ போர்ட் ஒன்று, அதன்மேல் மோட்டர் ஓட்டும் சின்னப் போர்ட் ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். அதைப் பார்த்ததுமே எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"மாமா, லைட் பத்துது. வேகத்தக் கூட்டினா ஒரு அசைவும் இல்ல. மோட்டர் செத்துப் பெய்த்து போல. ரீசெட் அடிச்சிப் பாப்பமா? இல்லாட்டி டிகோடர மாத்துவமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முப்பது வருசமாக ரேடியோ, ரீவி, அரிசி ஆலை மோட்டர்களின் கட்டுப்பாட்டுப் போர்ட், தோணிக்காரரின் ஜீபிஎஸ் என்று திருத்திவருகிறேன். இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. மாத்துவமா, அழிப்பமா? என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

"பொறு மனே, மொதல்ல அதுக்கிட்டக் கேட்டுப் பாப்பம். அழிக்கிறத மறுகா அழிக்கலாம்" என்றேன்.

எங்கள் காலத்து விளையாட்டுக் கோச்சியில் தண்டவாளத்துக்குக் கரண்டைக் கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவு. டிசிசி என்ற இந்த முறை வேறு. 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்குத் தரம் வகுத்தது. அதற்கு அடிப்படையாக இருந்தது ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை. இதில் தண்டவாளத்தில் 15 வோல்ற் அளவு எப்போதும் நிற்கும். அது இடம் வலமாகப் புரண்டுகொண்டே இருக்கும், அந்தப் புரளலுக்குள்தான் செய்தி. ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் 58 கூறு நேரத்தில் புரண்டால் ஒன்று; 100 கூறும் அதற்கு மேலும் எடுத்தால் பூச்சியம். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்னப் போர்ட் அதை வாசிக்கும். தன் இலக்கத்துக்கு வந்த கட்டளையை எடுத்து, மற்றதை விட்டுவிடும். ஒரே தண்டவாளத்தில் பத்து எஞ்சின் நின்றாலும் கூப்பிட்டது மட்டுந்தான் அசையும்.

டிகோடருக்குள் இலக்கமிட்ட அறைகள் இருக்கின்றன. சி.வி. என்பார்கள். ஒவ்வொரு அறையிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். முதலாம் அறையில் எஞ்சினின் இலக்கம், புதிதாக வரும்போது 3 என்று இருக்கும். மூன்றாம் அறையில் எவ்வளவு மெதுவாக வேகம் பிடிக்க வேண்டும் என்பது, நான்காம் அறையில் எப்படி நிற்க வேண்டும் என்பது. 29ஆம் அறை பல சுவிட்சுகளை ஒரே எண்ணுக்குள் அடக்கி வைத்திருக்கும். எட்டாம் அறை தயாரித்தவரின் அடையாளம். பல டிகோடர்களில் அந்த எட்டாம் அறைக்கு 8 என்று எழுதினால் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். மருமகன் அடிக்க நினைத்த ரீசெட் அதுதான்.

நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். திரையில் வந்தது -1. எந்த அறையைக் கேட்டாலும் -1. "பாத்தீங்களா மாமா, டிகோடரும் போச்சு" என்றான், முகம் வாடி.

இந்த இடத்தை நான் ஆசையோடு எழுதுகிறேன், ஏனென்றால் இது அவ்வளவு அழகான ஏற்பாடு. டிகோடருக்குப் பேச வாய் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி அதனிடம் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத்தான் கேட்கும். "உன் 19ஆம் அறையில் இந்த பிற் ஒன்றா?" ஆம் என்றால் டிகோடர் மோட்டரை ஒரு கணம் உதைக்கும், அதாவது வழமையைவிடக் குறைந்தது 60 மில்லி அம்பியர் கூடுதலாக ஏறக்குறைய 6 மில்லி செக்கன் இழுக்கும். அந்த இழுப்பைப் பெட்டி உணர்ந்தால் ஆம். பேசாமல் இருந்தால் இல்லை. பிற் என்பது ஒன்று அல்லது பூச்சியம். ஒரு அறைக்கு எட்டு பிற், எட்டுக் கேள்வி. ஆனால் பேசாமல் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாமே. "இல்லை" என்பதற்காகவும் பேசாமல் இருக்கலாம், கேள்வியே காதில் விழாததாலும் பேசாமல் இருக்கலாம். அதனால்தான் பெட்டி கடைசியாக முழு எண்ணையும் சேர்த்து, "இதுதானே?" என்று மீண்டும் கேட்கிறது. அதற்கும் பதில் இல்லாவிட்டால் -1. அப்படியென்றால் -1 என்பது டிகோடர் செத்ததற்கான சான்று இல்லை. பதில் எனக்கு வந்து சேரவில்லை என்பது மட்டுந்தான் அதில் இருக்கிறது.

பதில் வராததற்கு எங்கள் ஊரில் முதற் சந்தேகம் யார்மேல் என்று கேட்டால், கடற்கரையில் வீடு வைத்திருக்கிற யாரும் சொல்வார்கள். உப்புக் காற்று. எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்துச் சில்லுகளைக் காட்டினேன். கறுப்பாக ஒரு படை. மீட்டரின் ஒரு முனையைச் சில்லிலும் மறுமுனையை உள்ளே போகும் வயரிலும் வைத்தோம். முள் ஒரு நேரம் எழும்பியது, ஒரு நேரம் எழும்பவில்லை. சுத்தமான ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து ஒவ்வொரு சில்லாகத் துடைக்கக் கொடுத்தேன். பஞ்சு கருகருவென்று வந்தது. தண்டவாளத்தையும் அப்படியே. லுஹருக்குப் பாங்கு சொன்னது. பள்ளிக்குப் போய் வந்து மீண்டும் இருந்தோம்.

இந்தத் தடவை கேட்டதும் எஞ்சின் மேசையில் சின்னதாக விதிர்த்தது. நுளம்பு கடித்த மாடு தோலைச் சிலிர்க்குமே, அப்படி.

"மனே, இப்ப என்ன வெளங்குது?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "பதில் வருது."

"அது சரி. பதில் எதால வருது?"

அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "மோட்டரால, மாமா! அப்ப மோட்டர் நல்லம். வயரும் நல்லம். டிகோடர்ல மோட்டருக்குப் போற பக்கமும் நல்லம்."

திருகாணி ஒன்றையும் கழற்றவில்லை. ஒரு உதறலை வைத்தே பாதிச் சந்தேகத்தை அவன் தள்ளிவிட்டான். மிச்சம் இருப்பது எண்களில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறையாகக் கேட்டுக் கொப்பியில் எழுதச் சொன்னேன். 1ஆம் அறை 3, சரி. 29ஆம் அறை 6, அதுவும் சரி. 3, 4, 5, 6ஆம் அறைகளில் யாரோ நேரம் எடுத்துப் பொறுமையாக வைத்த எண்கள். 19ஆம் அறையில் 12.

அங்கே பூச்சியம் இருந்திருக்க வேண்டும். 19ஆம் அறை சோடி எஞ்சின்களுக்கு உரியது. பாரமான வண்டியை இழுக்க இரண்டு எஞ்சினைச் சேர்த்துக் கட்டும்போது இரண்டுக்கும் பொதுவான ஓர் இலக்கத்தை அங்கே எழுதுவார்கள். அதன் பிறகு வேகக் கட்டளையை எஞ்சின் தன் சொந்த இலக்கத்தில் ஏற்காது, சோடியின் இலக்கத்துக்கு வருவதைத்தான் ஏற்கும். லைட் சொந்த இலக்கத்துக்கே பத்தும். முந்தைய உரிமையாளர் இதை இன்னோர் எஞ்சினோடு சேர்த்து ஓட்டியிருக்கிறார். விற்கும்போது அந்தக் கட்டை அவிழ்க்க மறந்துவிட்டார். கடல் கடந்து எங்கள் ஊருக்கு வந்தும், 12 என்ற கூப்பிடுதலுக்காக அது காத்துக்கொண்டே நின்றிருக்கிறது. அதில் பூச்சியம் எழுதினோம். ஓடியது.

ரீசெட் அடித்திருந்தாலும் ஓடியிருக்கும், அதை நான் மறைக்கவில்லை. பல டிகோடர்களில் 19ஆம் அறையும் அதோடு பூச்சியமாகிவிடும். ஆனால் முந்தையவர் பொறுமையாக வைத்த வேக எண்களும் சேர்ந்து போயிருக்கும். சில்லில் அழுக்கு அப்படியே இருந்து, அடுத்த கிழமை வேறு வருத்தமாகத் திரும்பி வந்திருக்கும். எல்லாவற்றையும்விட, ஏன் நின்றது, ஏன் ஓடியது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. ரீசெட் அடித்தால் சரிவரும் என்ற ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கள் ஊர்களில் எவ்வளவு நட்டம் செய்கிறது என்பதை என் மேசையில் இருந்து பார்க்கிறேன். மருதமுனையிலிருந்து ஒரு தாய் வந்தார். போன் பத்தாமல் போனது, எங்கேயோ கொடுத்தார், "சொப்ட்வெயார் அடிச்சு" எல்லாம் சுத்தமாகிக் கைக்கு வந்தது. மௌத்தான வாப்பாவின் குரல் அதற்குள் இருந்ததாம், ஒரு பெருநாளைக்கு அனுப்பிய வாழ்த்து. சார்ஜ் ஏறும் துவாரத்துக்குள் மண் அடைத்திருந்ததுதான் பழுது. ஊசி முனையால் எடுத்திருக்கலாம். அவர் என்னிடம் கேட்டது, அந்தக் குரலைத் திரும்ப எடுக்கலாமா என்று. என்னால் முடியவில்லை.

ஆகவே என் கோரிக்கை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. நல்ல காரியம். எங்கள் கரையோரப் பிள்ளைகள் பலர் அதில் படிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஓடுகிற சாமானைத்தான் காட்டுகிறோம். ஓடாத சாமானைக் கொடுத்து, "கண்டுபிடி" என்று எத்தனை இடத்தில் சொல்கிறோம்? பழுது தேடுவதை ஒரு பாடமாக வையுங்கள், அதற்குப் புள்ளி கொடுங்கள். திருத்தியதற்கல்ல, தேடிய ஒழுங்குக்கு. என்ன கேட்டாய், என்ன பதில் வந்தது, அதனால் எதைத் தள்ளினாய் என்று கொப்பியில் எழுதியிருப்பதைப் பார்த்துப் புள்ளி போடுங்கள்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. இரண்டு மீற்றர் தண்டவாளம், ஒரு பழைய எஞ்சின், ஒரு அர்டுயினோ, ஒரு மீட்டர். காலையில் ஆசிரியர் ஒரு குறையை வைப்பார். ஒரு நாள் சில்லில் பசை பூசுவார், ஒரு நாள் 19ஆம் அறையில் ஓர் எண் எழுதுவார், இன்னொரு நாள் 29ஆம் அறையை மாற்றுவார். அந்த 29ஆம் அறை ஒன்றே போதும். 1 சேர்த்தால் முன் பின்னாகும், 4 சேர்த்தால் பழைய முறைத் தண்டவாளத்திலும் ஓடும், 32 சேர்த்தால் நீண்ட இலக்கத்தை ஏற்கும். தரம் பத்தில் இரும எண் கணக்கை மனனம் பண்ணிப் பரீட்சையோடு மறந்துவிடுகிற பிள்ளை, 6 என்பது 2உம் 4உம் என்று அதன் பிறகு மறக்காது.

கோச்சியே இல்லாத ஊருக்குக் கோச்சி விளையாட்டு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கழகம் வைத்தார்கள். மேசைக்கு அடியில் பழைய தொலைபேசிச் சாமான்களைக் கொண்டு சுவிட்சுகளைக் கோத்துப் பழகிய பிள்ளைகள் பின்னாளில் கணினிப் பக்கம் போனார்கள். 1962இல் அவர்கள் கூட்டத்தில்தான் ஸ்பேஸ்வோர் என்ற கணினி விளையாட்டு பிறந்தது. கோச்சியைவிட, மேசைக்கு அடியில் இருந்த வயர்தான் அவர்களைப் பழக்கியது. எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு மேசை வேண்டும் என்கிறேன்.

மருமகன் எஞ்சினுக்குப் புது இலக்கம் வைக்க விரும்பினான். 591 என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கடல் அள்ளிய கோச்சியை இழுத்துவந்த எஞ்சின் அது, மனிடோபா. பிறகு திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். அன்றைக்கு நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அவன் பிறக்கமுன் நடந்தது. ஆனாலும் எங்கள் வீடுகளில் அந்த நாளைத் தெரியாத பிள்ளை இல்லை.

591 ஓர் அறைக்குள் அடங்காது. 256ஆல் வகுத்தால் 2, மிச்சம் 79. அந்த 2ஐ 192உடன் கூட்டி 17ஆம் அறையில் 194, 18ஆம் அறையில் 79, 29ஆம் அறையில் 6உடன் 32ஐச் சேர்த்து 38. நான் கை வைக்கவில்லை. கொப்பியில் கணக்கைப் போட்டு, எழுதி, எழுதியதை மீண்டும் வாசித்துச் சரிபார்த்தான். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஒரு சின்ன உதறல். அஸருக்கு முன்னால் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டிக் காட்டினான்.

போகும்போது எஞ்சினைத் துவாயில் சுற்றி வைத்துவிட்டு, என் பேனையை வாங்கிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் 12 என்று எழுதினான். ஏன் மனே என்றேன். "அதுட சோடி எப்பயாவது கிடைச்சா, மாமா" என்றான்.