கடவுச்சொல் சரி, கதவு மட்டும் திறக்கவில்லை

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தபோது கிள்ளானிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, கம்ப்யூட்டர் உள்ளயே விடமாட்டேங்குது. பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். திரை கறுப்பாகுது, திரும்பவும் பாஸ்வேர்டு கேட்குது. காலையிலிருந்து இதே கதை."

அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஜாலான் தெங்கு கிளானாவில் சேலை எடுத்த கையோடு துணியைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் உண்டு. எல்லாருடைய அளவும், யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதும் அந்த மடிக்கணினியில்தான். சின்னவள் சொன்னாள் என்று பழைய நோட்டுப் புத்தகத்தைப் போன வருடமே தூக்கிப் போட்டுவிட்டார்.

2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், சின்னவளின் இணையவழி வகுப்புக்காக இரண்டாம் கையாக வாங்கிய இயந்திரம் அது. விண்டோஸ் 11 ஏற்க அதற்குத் தகுதி இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் அக்காவின் மூத்த மகன் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருந்தான். நல்ல முடிவுதான். முந்தின வார இறுதியில் வந்து, வேகமாக இருக்கட்டும் என்று பழைய வட்டைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, கோப்புகளை எல்லாம் நகலெடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் அறை. போனில் கேட்டேன். "மின்ட்டைத் திரும்ப ஏத்திடலாம் மாமா. பழைய டிஸ்க்லதான் எல்லாம் இருக்கே" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "ஐயோ, அதை ஃபார்மட் பண்ணி படம் போட்டு வச்சிருக்கேன்" என்றான். இதற்கிடையே அக்கா யாரிடமோ விசாரிக்க, 150 வெள்ளி கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அழித்தால் அளவுகளும் போகும். எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன்.

சுபாங் ஜெயா, ஷா ஆலம் என்று வண்டி நின்று நின்று போகையில் நினைத்துப் பார்த்தேன். கடவுச்சொல் தவறென்றால் தவறு என்று சொல்லும். இங்கே அதை ஏற்றுக்கொண்டு, உள்ளே போய், வெளியே வந்து விழுகிறது. அப்படியானால் பூட்டில் கோளாறு இல்லை, வீட்டுக்குள்ளேதான் ஏதோ. லினக்ஸில் இதற்கு இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்: வட்டில் இடமே இல்லாமல் போயிருக்கலாம், அல்லது பயனரின் வீட்டுக் கோப்புறையில் எழுத அவருக்கே அனுமதி இல்லாமல் போயிருக்கலாம்.

அங்கே போனதும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படங்கள் இல்லாத கறுப்புத் திரை வந்தது. அக்காவின் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். (இங்கே கடவுச்சொல் தட்டும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.) உடனே உள்ளே விட்டது. வட்டில் இடமும் தாராளமாக இருந்தது.

மறைந்த கோப்புகளையும் சேர்த்துப் பட்டியலிடச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர் பெயர் இருக்கும். அக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை 'ரூட்', 'ரூட்', 'ரூட்'.

"யாரு இந்த ரூட்டு?" என்றார் அக்கா, பின்னால் நின்றபடி.

யுனிக்ஸ் வழியில் வந்த எல்லா இயங்குதளங்களிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள் என மூன்று தரப்பு. படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என மூன்று கேள்வி. ஆக ஒன்பது விடைகள். எழுபதுகளில் பெல் ஆய்வகத்தில் போட்ட இந்தக் கணக்குதான் இன்றும் ஓடுகிறது, ஆப்பிள் கணினி உட்பட. ரூட் என்பவர் எல்லாவற்றுக்கும் மேலான நிர்வாகி. பையன் 'சூடோ' என்ற முன்சொல்லைப் போட்டு, ரூட்டின் அதிகாரத்தில் நகலெடுத்திருக்கிறான். சாதாரணமாக நகலெடுத்தால், எடுக்கிறவர் பெயரில்தான் நகல் எழுதப்படும். அதனால் அக்காவின் பொருள் எல்லாம் ரூட்டின் பெயருக்குப் பட்டா மாறிவிட்டது.

திரைக்கூடத்தைத் திறக்கும்போது கணினி, 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற மறைந்த கோப்பில் ஒரு நுழைவுச் சீட்டை எழுதும். அந்தக் கோப்பும் ரூட்டின் பெயரில் இருந்ததால் எழுத முடியவில்லை. முடியாததால் வெளியே தள்ளிவிட்டது. என்ன பிழை என்று குறித்துவைக்கும் கோப்பும் ரூட்டுடையதே. ஆகவே புகார் எழுதக்கூட வழியில்லை.

மருந்து ஒரே வரி. உரிமையாளரை மாற்றும் கட்டளை சி, எச், ஓ, டபிள்யூ, என் என்ற ஐந்து எழுத்து. முன்னால் சூடோ, பின்னால் உள்ளே இருப்பதை எல்லாம் சேர்க்கச் சொல்லும் பெரிய ஆர், பிறகு அக்காவின் பயனர் பெயர், கடைசியில் அவருடைய வீட்டுக் கோப்புறையின் முழு முகவரி. அந்த முகவரியின் முதல் சாய்கோட்டுக்குப் பிறகு தவறி ஓர் இடைவெளி விட்டால், கணினி முழுவதும் அக்காவின் பெயருக்கு மாறிவிடும். பிறகு சூடோவே வேலை செய்யாது, திருத்தவும் வழி சுருங்கிவிடும். நான் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.

"எல்லாத்துக்கும் 777 கொடுத்திருங்க மாமா, சரியாயிரும்" என்று பையன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பது அதன் பொருள். சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றி வைப்பது போல. பலர் இதைத்தான் செய்கிறார்கள், எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

மறுபடி தொடங்கினேன். அக்கா கடவுச்சொல் போட்டார். கறுப்பு, ஒரு மூச்சு, பிறகு அவர் பேத்தியின் படம் திரையில். அக்கா ஒன்றும் பேசவில்லை. அளவுக் கோப்பைத் திறந்து, கடைசி வரிவரை உருட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

முதல் வேலையாக ஒரு விரலியில் நகல் எடுக்கலாம் என்றேன். தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பையனுக்குத் துடிப்பு. தொலைவிலிருந்து இணையும் வழியைத் திறந்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதே அக்கா கணக்கில் நுழைந்தான். விரலியைத் திறக்கச் சொன்னால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. சின்னவள் கணினி முன் உட்கார்ந்து சொடுக்கினால் ஒன்றும் கேட்காமல் திறக்கிறது.

"அதே கணக்கு, அதே விரலி. எனக்கு மட்டும் ஏன் மாமா?"

இது கோளாறு அல்ல. உன் அடுக்ககத்துக் காவலாளி உன் முகத்தைப் பார்த்தால் தடுப்பைத் தூக்குவார். நீயே போனில் கூப்பிட்டு "திறங்க" என்றால், எந்த வீடு, என்ன எண் என்று கேட்பார் அல்லவா? லினக்ஸில் அந்தக் காவலாளி 'போல்கிட்'. யார் நேரில் திரை முன் உட்கார்ந்திருக்கிறார், யார் வெளியிலிருந்து வருகிறார் என்று அவருக்குச் சொல்வது 'லாகின்ட்'. விரலி திறப்பது, கணினியை அணைப்பது போன்றவற்றில், நேரில் இருப்பவருக்கு ஒரு விதி, தூரத்தில் இருப்பவருக்கு வேறு விதி. கணக்கு ஒன்றாக இருந்தாலும் அமர்வு வேறு. உங்கள் கணினி திடீரென்று எதற்கெடுத்தாலும் கடவுச்சொல் கேட்டால், உங்கள் அமர்வு 'நேரில் இருப்பது' என்று பதிவாகியிருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

காவலாளியும் ஏமாந்திருக்கிறார். போல்கிட்டின் ஒரு துணை நிரலில் 2009 முதல் இருந்த ஓட்டையை 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. அதன் வழியாகச் சாதாரணப் பயனர் எவரும் ரூட் ஆகிவிடலாம். உடனே திருத்தமும் வந்தது. மின்ட்டின் வலது கீழ் மூலையில் தெரியும் அந்தச் சின்னக் கேடயப் படத்தை அக்கா அதுவரை ஒருநாளும் சொடுக்கியதில்லை. அன்றைக்குச் சொடுக்க வைத்தேன்.

மேம்பாடு இறங்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா முதல் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுவிட்டார். "கை நீளம் ஒன்பதரைதானேம்மா? புதன்கிழமை வந்து எடுத்துக்க." சின்னவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய நோட்டுப் புத்தகத்தில் அளவுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை, அக்காவின் உத்தரவு.