முதலில் யாரைப் பார்ப்பது?



ராஜகீழ்ப்பாக்கத்தில் சிறுவயதில் எம்மிடம் ஓதிய ஒருவர் இன்று மருத்துவர். அண்மையில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியேற்றிருக்கிறார். "கண், தோல் என்று நேரத்திற்கு வீடு திரும்பும் துறைகள் எத்தனையோ இருக்க, இவன் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தான், ஹஜ்ரத்?" என்று அவருடைய தாயார் எம்மிடம் வருந்தினார்.

முதல் இரவுப் பணியைப் பற்றி அந்த இளைஞர் கூறியது நம் அனைவருக்கும் பாடமாகும். ஒரே வேளையில் இருவர் வந்தனர். ஒருவருக்குக் கையில் வெட்டுக்காயம், உடையெல்லாம் இரத்தம், உடன் வந்த உறவினர்களின் கூக்குரல். மற்றவர் முதியவர், வியர்வை வழிய, நெஞ்சைப் பிடித்தபடி ஓரமாக அமர்ந்திருந்தார். காயத்தை அழுத்திக் கட்டும்படி செவிலியரிடம் கூறிவிட்டு, மருத்துவர் முதியவரிடம் விரைந்தார். இ.சி.ஜி. மாரடைப்பைக் காட்டியது. அதற்குள் காயம்பட்டவரின் உறவினர்கள் மருத்துவரின் சட்டையைப் பற்றிவிட்டனர்.

"சத்தமிடுபவருக்கு மூச்சு இருக்கிறது, ஹஜ்ரத். ஓசையின்றி இருப்பவரைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும்" என்றார் அவர்.

அவசர சிகிச்சையில் வந்த வரிசை முக்கியமன்று; உயிருக்குள்ள ஆபத்தே வரிசையை வகுக்கிறது. அதனால்தான் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கிறார்கள். மூச்சுப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் ஆகியவற்றை முறையாகக் காத்த பிறகே நோயின் பெயரைத் தேடுகிறார்கள். பெயர் தெரியாத நோயோடு உடனடியாகப் போராடும் துணிவே இத்துறையில் புதிதாக நுழைபவர் கற்க வேண்டிய முதற்பாடம். இந்திய மருத்துவக் கவுன்சில் இதனைத் தனித்துறையாக ஏற்றது 2009ஆம் ஆண்டில்தான்.

முன்னொரு காலத்தில், போலீஸ் வழக்கு என்று கூறி, விபத்தில் சிக்கியவரைத் திருப்பி அனுப்பிய மருத்துவமனைகள் உண்டு. அவ்வாறு அனுப்பப்பட்ட ஒரு ஸ்கூட்டர் ஓட்டுநர் வழியிலேயே உயிரிழந்தார். அதையொட்டி எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிர் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குத் தடையாகா என 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021இல் தொடங்கப்பட்டது.

சட்டமும் திட்டமும் தம் பங்கைச் செய்தன. நம் பங்கு என்ன? நோயாளியுடன் ஓரிருவர் மட்டும் செல்வோம். அவர் உட்கொள்ளும் மாத்திரைச் சீட்டை உடன் எடுத்துச் செல்வோம். வலி தொடங்கிய நேரத்தைத் தெளிவாகக் கூறுவோம். நமக்கு முன்பாக வேறொருவரை மருத்துவர் கவனித்தால், அவருக்கு நம்மவரைவிட ஆபத்து மிகுதி என்று உணர்ந்து பொறுத்திருப்போம். விபத்தில் சிக்கியவரைச் சேர்க்க அஞ்ச வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பளிக்கிறது.

அந்தத் தாயாரிடம் நாம் கூறியது இதுதான்: "அம்மா, நள்ளிரவில் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓசையின்றி நெஞ்சைப் பிடித்து அமர்ந்திருக்கும்போது, அவரைக் கண்டுகொள்ள ஒரு பிள்ளை விழித்திருக்க வேண்டாமா?"