‘பெரியவனை அனுப்பிடலாமா டாக்டர்?’

நாலு கால் சொந்தம் - 17

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளினிக்கைப் பூட்டப்போகிற நேரத்தில் ஓர் அம்மா ஓடி வந்தார். கையில் ஒரு துண்டு. துண்டுக்குள் ஐம்பது நாள் குட்டி. இடது காதோரம் சின்னதாகக் கிழிந்து, ரத்தம் காய்ந்திருந்தது.

“எங்க வீட்டுப் பெரியவன் கடிச்சுட்டான் டாக்டர். ஒன்பது வருஷத்துல யாரையும் கடிச்சதில்ல. இது வந்து மூணு நாள்தான் ஆகுது. அவனை ஊர்ல தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். பொண்ணு காலையிலிருந்து சாப்பிடாம அழுதுட்டிருக்கா...”

பெரியவன் பெயர் பிரவுனி. ஒன்பது வயது லாப்ரடார். குட்டி ஜில்லு, மகளின் பிறந்தநாளுக்கு வந்த நாட்டு நாய்க்குட்டி. காயத்தைச் சுத்தம் செய்து மருந்து போட்டேன். தையல் தேவைப்படவில்லை.

“இப்போதைக்கு யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம்மா. ரெண்டையும் வேற வேற ரூம்ல வைங்க. நாளைக்குப் பிரவுனியைக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

பழைய நாய் இருக்கும் வீட்டுக்குப் புதுக் குட்டி வந்தால், இந்தப் பிரச்னை பல வீடுகளில் வருகிறது. பெரும்பாலும் தீர்த்துவிடலாம். அவசரப்பட்டால்தான் சிக்கல்.

அவன் இடத்திலிருந்து பாருங்கள்

ஒன்பது வருடமாக அது பிரவுனியின் வீடு. ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே அவன் இடம். சமையலறை வாசலில் அவன் தட்டு. சாயங்காலம் பைக் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடுவது அவன் வேலை. திடீரென்று ஒருநாள் அட்டைப்பெட்டியில் ஒன்று வந்து இறங்குகிறது. அவன் தட்டில் வாய் வைக்கிறது. வாலைக் கடிக்கிறது. தூங்கும்போது மேலே ஏறுகிறது. அவன் உறுமினால், வீடே சேர்ந்து “ச்சீ, சின்னக் குட்டிடா!” என்று அவனைத்தான் திட்டுகிறது.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது, கைக்குழந்தைக்குச் சட்டை வாங்குகிற பாட்டி, மறக்காமல் மூத்த பிள்ளைக்கும் ஒரு பொம்மை வாங்கிப்போவார். அந்தப் பாட்டிக்குத் தெரிந்த சூட்சுமம்தான் இங்கேயும். குட்டி வந்த பிறகு மூத்தவருக்குக் கிடைத்துவந்தது எதுவும் குறையக் கூடாது.

குட்டியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. எவ்வளவு கடித்தால் வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் குட்டிகள் தாயிடமும் கூடப்பிறந்தவர்களிடமும்தான் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் குறைந்தது எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்கிறோம். ஜில்லுவை 47 நாளிலேயே பிரித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். பிரவுனி முகத்தைத் திருப்பிக்கொண்டால் ‘போதும், போ’ என்று அர்த்தம். அது அவளுக்குப் புரியவில்லை.

உறுமுவதை அடக்காதீர்கள்

நாய் எடுத்த எடுப்பில் கடிக்காது. முதலில் முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். எழுந்து வேறு இடத்துக்குப் போகும். அப்போதும் விடவில்லை என்றால் உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். பிறகு உறுமல். அதற்கும் பிறகு, பல் படாமல் காற்றில் ஒரு ‘லபக்’. கடி கடைசியில்தான்.

உறுமியதற்காக அடித்தால் என்ன ஆகும்? உறுமினால் அடி விழும் என்று நாய் கற்றுக்கொள்ளும். கோபமும் பயமும் அப்படியே இருக்கும். எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும். அடுத்த தடவை சத்தமே இல்லாமல் கடிக்கும். “திடீர்னு கடிச்சுது டாக்டர்” என்று சொல்லப்படும் பல சம்பவங்களில், அந்த நாயின் பழைய எச்சரிக்கைகளை யாரோ அடக்கியிருப்பார்கள். இல்லையென்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மூத்தவர் உறுமினால், திட்டாமல் குட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். ‘நான் சொன்னால் இவர்கள் கேட்கிறார்கள்’ என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பல்லைக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்குக் குறையும்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

மறுநாள் பிரவுனி வந்தான். என்னைக் கண்டதும் வாலை ஆட்டினான். ஆனால், உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது பின்னங்காலை ஒரு மாதிரி இழுத்தான். இடுப்புப் பக்கம் கைவைத்ததும் வெடுக்கென்று திரும்பி என் கையைப் பார்த்தான். எக்ஸ்-ரே எடுத்ததில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம்.

“கடிச்ச அன்னிக்கு ஜில்லு என்ன பண்ணுச்சு?” என்று கேட்டேன்.

அம்மா யோசித்தார். “தூங்கிட்டிருந்தான் டாக்டர். இது ஓடிப்போய் பின்னாடி இடுப்பு மேல குதிச்சுது...” சொல்லும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “ஆறு மாசமா மாடிப்படி ஏற மாட்டேங்கறான். வயசாயிடுச்சு, சோம்பேறியாயிட்டான்னு நினைச்சோம்” என்றார், அவன் தலையைத் தடவியபடி.

மூத்த நாய் குட்டியிடம் கடுமையாக நடந்துகொண்டால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு வலி, பல் வலி, காது சீழ், கண் புரை, காது மந்தம் என்று ஏதாவது இருக்கலாம். காது கேட்காத நாய்க்குக் குட்டி வருவது தெரியாது. திடீரென்று மேலே விழுந்தால் அதிர்ந்து கடிக்கும். இந்த வலியை எந்தப் பயிற்சியாலும் போக்க முடியாது. அதற்கு மருந்துதான் வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: வலிக்குது பாவம் என்று நமக்கு வாங்கிய ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது விஷம். வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும்.

மறுபடியும் முதலிலிருந்து

பிரவுனிக்கு வலி மருந்து ஆரம்பித்து நான்கு நாள் கழித்து, இரண்டு பேரையும் புதிதாக அறிமுகம் செய்யச் சொன்னேன். குட்டி கொண்டுவர நினைப்பவர்கள் இதை முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

முதலில் வாசனை. குட்டி படுத்த துணியை மூத்தவர் இருக்கும் அறையில் போடுங்கள். அவருடைய துணியைக் குட்டியிடம் வையுங்கள். ஓரிரு நாள் இப்படியே போகட்டும். மூக்குதான் நாய்க்கு முதல் கண்.

அடுத்து, இருவருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் சந்திப்பு. நடுஹால் வேண்டாம், அது அவர் கோட்டை. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவிலோ பார்க்கிலோ இறக்கக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் இல்லாத பக்கத்து வீட்டு போர்ட்டிகோ, சுத்தமான மொட்டை மாடி போன்ற இடம் போதும். பிரவுனியால் படி ஏற முடியாது என்பதால், எதிர்வீட்டு கார் ஷெட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

ஆளுக்கு ஒருவராக இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். இழுத்துப் பிடித்தால் உங்கள் பதற்றம் நாய்க்கும் தொற்றும். பத்தடி தள்ளி ஒரே திசையில் மெதுவாக நடங்கள். மூத்தவர் குட்டியைப் பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பிடித்ததில் ஒரு துண்டு. வேகவைத்த கோழித் துண்டு என்றால் பிரவுனி உயிரைக் கொடுப்பான். ‘இந்தக் குட்டி தெரிஞ்சா கோழி வரும்’ என்று அவன் மனதில் பதிய வேண்டும். பிறகு தூரத்தைக் குறைத்து, மோந்து பார்க்க விடுங்கள். மூன்று விநாடி மோப்பம், உடனே கூப்பிட்டு விலக்குவது. ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

குட்டியைக் கையில் தூக்கி மூத்தவர் மூக்குக்கு நேராக நீட்டாதீர்கள். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். இருவருக்குமே தப்பிக்க வழியில்லாமல் போய்விடும்.

வீட்டுக்குள் சட்டதிட்டம்

முதல் சில வாரங்கள் ஆள் கண் பார்வையில் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடவே கூடாது. ‘பால் பொங்குது, ஒரு நிமிஷம்’ என்று போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் விபரீதம் நடக்கும். கதவில் ஒரு தடுப்புப் பலகை வைத்தால்கூடப் போதும்.

சாப்பாடு தனித்தனி அறையில், தனித்தனித் தட்டில். முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். எலும்பு, கடிக்கும் பொம்மைகள் தரையில் கிடக்க வேண்டாம். நிறைய சண்டைகள் இதில்தான் ஆரம்பிக்கின்றன. குட்டிக்கான உணவைப் பெரியவர் தின்றால் எடை ஏறும். தேய்ந்த மூட்டுக்கு அது இன்னும் சுமை.

குட்டியால் போக முடியாத ஓர் இடம் மூத்தவருக்கு வேண்டும். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டியது. தூக்கம் கெட்ட குட்டிதான் அதிகமாகக் கடித்துத் தொல்லை செய்யும். அதற்கென்று அடைப்பு வைத்து, வேளாவேளைக்குத் தூங்க வையுங்கள். அந்த நேரம் பெரியவருக்கு ஓய்வு.

சாப்பாடு, கொஞ்சல், வாக்கிங் எல்லாமே முதலில் அவருக்கு. தினமும் பத்து நிமிடம் குட்டி இல்லாமல் அவரோடு மட்டும் இருங்கள். பிரவுனி வீட்டில் அந்தப் பொறுப்பை மகளே ஏற்றுக்கொண்டாள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

உறுமல், ஒரு அதட்டல், தொல்லை தாங்காமல் காற்றில் ஒரு கடி, பிறகு விலகிப்போவது... இவையெல்லாம் பாடம் சொல்லிக்கொடுப்பது. ஆனால், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பிரித்துவைத்து மருத்துவரைப் பாருங்கள்.

• குட்டி ஒதுங்கிய பிறகும் துரத்திப்போய்த் தாக்குவது.

• அசையாமல் வெறித்துப் பார்த்து, பதுங்கி நெருங்குவது.

• கவ்வி உதறுவது. மறுபடி மறுபடி ரத்தக்காயம் வருவது.

• குட்டி பயந்து சாப்பிடாமல், வெளியே வராமல் இருப்பது.

• மூத்தவர் சாப்பாட்டை விட்டு, எப்போதும் ஒளிந்துகொள்வது.

சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், போர்வையைப் போடுங்கள், தட்டைத் தரையில் தட்டிச் சத்தம் எழுப்புங்கள். யார் மீதாவது பல் பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

தடுப்பூசியும் முக்கியம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். மூத்தவருடைய ஊசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால், குட்டி வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவராத ஜோடிகள் உண்டு. மருத்துவரும் பயிற்சியாளரும் பார்த்த பிறகும் ஆபத்து தொடர்ந்தால், குட்டிக்கு வேறு நல்ல வீடு தேடுவதில் தவறே இல்லை. குட்டி எங்கேயும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒன்பது வருடம் ஒரே வாசலில் படுத்தவனைத் தெரியாத தோட்டத்தில் கட்டிப்போட்டால், அவன் அந்த வாசலைத்தான் தேடிக்கொண்டிருப்பான்.

போன வாரம்...

ஜில்லுவுக்கு அடுத்த ஊசி. இந்த முறை கூட்டிவந்தது வீட்டுக்காரர். தோட்டத்துக்கு அனுப்பச் சொன்ன அதே ஆள். பிரவுனியும் கூடவே வந்திருந்தான். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது.

“எப்படி இருக்காங்க ரெண்டு பேரும்?”

“ஒண்ணா எல்லாம் படுக்க மாட்டாங்க டாக்டர். போட்டோவுல வர மாதிரி கட்டிப்பிடிச்சுத் தூங்கும்னு பாப்பா எதிர்பார்த்தா. அதெல்லாம் இல்ல.”

“அது வேண்டியதே இல்ல சார்” என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கி, “நேத்து ராத்திரி ஒண்ணு நடந்துச்சு” என்றார். “பெரியவன் ஃபேனுக்குக் கீழ படுத்திருந்தான். இது கிட்டப் போச்சு. ஒரு தடவை உறுமினான். நான் எழுந்திருக்கறதுக்குள்ள, இதுவே நின்னுடுச்சு. ரெண்டடி தள்ளி உக்காந்து, அப்புறம் அங்கேயே படுத்துடுச்சு. அவனும் தலையைக் கீழ வெச்சுத் தூங்கிட்டான்.”

ஊசி போட்டு முடித்ததும் ஜில்லுவைப் பையில் வைத்து மகளிடம் கொடுத்தார். பிறகு குனிந்து, இடுப்பில் கை படாமல் பிரவுனியைப் பார்த்துத் தூக்கி காரில் ஏற்றினார்.

*அடுத்த வாரம்: பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்களை என்ன செய்வது?*